பிஞ்சு மார்பில் அவசரக் கத்தி வேண்டாம்!

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டரம்மா... இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க!"

என் எதிரே வந்து உட்கார்ந்ததும் அந்தப் பாட்டியம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவர் மடியில் பத்து வாரப் பெண் குழந்தை. பக்கத்தில் குழந்தையின் தாய். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

துணியை விலக்கிப் பார்த்தேன். குழந்தையின் இடது மார்புக் காம்பைச் சுற்றி, கோவைப்பழச் சிவப்பில் ஒரு வீக்கம். ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். தொட்டால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. லேசான சூடு.

பிறந்தபோது அங்கே ஒன்றுமே இல்லையாம். பத்தாம் நாள் ஒரு கொசுக்கடி போலத் தெரிந்ததாம். "தானா போயிடும்" என்று விட்டிருக்கிறார்கள். அது வளர வளர, வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா?" என்று ஒருத்தர். "பப்பாளி சாப்பிட்டியா?" என்று இன்னொருத்தர். பெற்றவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள்!

அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "கேன்சரா மேடம்?"

"இல்லைம்மா" என்றேன். "ஆபரேஷனும் வேண்டாம்" என்றேன். பாட்டியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளைப் புள்ளை... நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கிட்டுப் போகணும். நீங்க பாட்டுக்கு வேண்டாம்ங்கறீங்களே!"

அந்தப் பாட்டியம்மாவுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். ஏனென்றால், இந்தக் கட்டி அபூர்வமானதுதான் என்றாலும், அதைப் பார்த்ததும் நம் வீடுகளில் பிறக்கிற பயமும் அவசரமும் அபூர்வமல்ல. குழந்தையின் மார்பில் வரும் கட்டியைவிட, அதை உடனே வெட்டி எறிய வேண்டும் என்கிற நம் அவசரம்தான் பல சமயம் அதிக ஆபத்து. இது என் உறுதியான கருத்து.

அது என்ன கட்டி?

அதன் பெயர் ஹெமாஞ்சியோமா. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி, ஒரே இடத்தில் கொத்தாகச் சேர்வதுதான். புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. தாய் சாப்பிட்ட பப்பாளிக்கும், வானத்தில் வந்த கிரகணத்துக்கும் இதில் எந்தப் பங்கும் கிடையாது.

பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் கட்டிகளிலேயே இதுதான் மிகவும் சகஜம். மேல்நாட்டுக் கணக்குப்படி நூறு குழந்தைகளில் நாலைந்து பேருக்கு உடம்பில் எங்காவது ஒரு இடத்தில் வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறை மாதத்தில் பிறந்தவர்களுக்கும், எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் கொஞ்சம் அதிகம். பெரும்பாலும் தலை, முகம், கழுத்துப் பக்கம்தான் வரும். மார்பகத்தில் வருவது அபூர்வம். அதனால்தான் பார்த்தவுடன் பதறுகிறோம்.

இதற்கென்று ஒரு கால அட்டவணை உண்டு. பிறந்து சில நாட்களிலோ சில வாரங்களிலோ தலைகாட்டும். முதல் மூன்று மாதங்களில் மளமளவென்று வளரும். ஐந்து மாதத்துக்குள் பெரும்பாலானவை வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். கொஞ்ச காலம் அப்படியே இருந்துவிட்டு, ஒரு வயதையொட்டி நிறம் மங்கிச் சுருங்கத் தொடங்கும். நாலு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுருங்குவது முடிந்துவிடும்.

தானாக வந்து, தானாக வளர்ந்து, தானாகவே அடங்கிவிடுகிற ஒரு கட்டிக்குக் கத்தி எதற்கு?

மொட்டைக் கிள்ளினால் பூ ஏது?

"சரி, எடுத்துட்டாதான் என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

கையிலோ முதுகிலோ என்றால் ஒரு தழும்போடு போய்விடும். மார்பில் அப்படி இல்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே, காம்புக்கு நேர் கீழே, வருங்கால மார்பகத்துக்கான திசு மிகச் சிறியதாக அமைந்துவிடுகிறது. மார்பக மொட்டு என்று சொல்லலாம். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் அது மலரத் தொடங்கும். பிற்காலத்தில் அவள் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கப்போவதும் அதிலிருந்துதான்.

கட்டி எங்கே முடிகிறது, மொட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கைக்குழந்தையிடம் பிரித்துப் பார்ப்பது மிகவும் கடினம். கட்டியோடு மொட்டும் போய்விட்டால், அந்தப் பக்கம் மார்பகம் வளரவே வளராது. பாதி போனால் பாதிதான் வளரும். அந்த நஷ்டம் அன்றைக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அந்தப் பெண் கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் தெரியும்!

பரிசோதனைக்காக ஊசி குத்தித் திசு எடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. போதாக்குறைக்கு, இது முழுக்க ரத்தக் குழாய்; குத்தினால் ரத்தம் கொட்டலாம். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தேவைப்பட்டால் டாப்ளர் வசதியுள்ள அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது. வலியும் கிடையாது.

ஸ்வீடன் சொல்லும் பாடம்

நல்லெண்ணத்தோடு செய்த அவசர வைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

1920-லிருந்து 1965 வரை ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோம், கோத்தன்பர்க் நகரங்களில், இந்தக் கட்டி இருந்த கைக்குழந்தைகளுக்கு ரேடியம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ரேடியம் என்றால் அதிசய மருந்து! கட்டியும் சுருங்கியது. பெற்றோருக்கு மகிழ்ச்சி. டாக்டர்களுக்கும் திருப்தி.

ஆனால் ஸ்வீடன்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ரிக்கார்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் அவர்களுக்கு என்ன ஆனது என்று தேடிப் பார்த்தார்கள். 1999-ல் 17,202 பெண்களைப் பற்றிய ஆய்வு வெளியானது. குழந்தையாக இருந்தபோது மார்பில் விழுந்த கதிர்வீச்சு கூடக் கூட, பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் அபாயமும் கூடியிருந்தது. அதற்கு முன்பே, மார்பக மொட்டின் மேல் கதிர்வீச்சு பட்ட பெண்களில் பலருக்கு அந்தப் பக்க மார்பகம் சரியாக வளரவில்லை என்பதையும் கண்டறிந்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். கட்டியால் புற்றுநோய் வரவில்லை. வைத்தியத்தால் வந்தது!

அந்த டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. அன்றைய அறிவு அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாடத்தை இவ்வளவு பெரிய விலை கொடுத்துக் கற்ற பிறகும் "உடனே எதையாவது செய்யுங்க டாக்டர்" என்று நாம் நச்சரிப்பது நியாயமா?

"தானா போயிடும்" என்பதும் தப்பு!

அதற்காக, வீட்டிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இன்னொரு தவறு. அந்தப் பத்து வாரக் குழந்தையை எட்டு வாரம் முன்னதாகவே கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டும்.

ஏன்? மார்பில் வரும் கட்டி பெரிதாக வளர்ந்தால், பின்னால் சுருங்கினாலும் தோல் தொளதொளவென்று தொங்கலாம். காம்பின் வடிவம் மாறலாம். இரண்டு பக்கமும் அளவு வித்தியாசப்படலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெண் குழந்தையின் மார்பகத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டிய இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கட்டிகளை ஒரு மாத வயதுக்குள் நிபுணரிடம் காட்டுவது நல்லது என்கிறார்கள்.

காட்டினால் என்ன செய்வார்கள்? இங்கேதான் ஒரு நல்ல செய்தி.

ப்ரோப்ரனலால் என்று ஒரு பழைய மருந்து. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இதய நோய்க்காக உருவாக்கியது. 1988-ல் நோபல் பரிசு பெற்றார் அவர். அந்த மருந்து இந்தக் கட்டிக்கும் கேட்கும் என்று கண்டுபிடித்தது முற்றிலும் தற்செயல். பிரான்ஸ் நாட்டின் போர்டோ நகரில், முகத்தில் ஹெமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறு ஏற்பட்டதால் இதைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் நிறம் மங்கி, மிருதுவாகிவிட்டது! டாக்டர்கள் அசந்துபோனார்கள். 2008-ல் இந்தச் செய்தி மருத்துவ உலகத்துக்குத் தெரிந்தது. 2014-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்தக் கட்டிக்காகவே குழந்தைகளுக்கான திரவ வடிவில் இதை அங்கீகரித்தது. சிறிய, மேலோட்டமான கட்டிகளுக்குத் தோலின் மேல் விடும் டிமோலால் சொட்டு மருந்தும் உண்டு.

எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து தேவைப்படாது. தேவை என்றால், கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் அந்த முதல் சில மாதங்களில் ஆரம்பிப்பதுதான் நல்ல பலன் தரும். அதற்காகத்தான் சீக்கிரம் காட்டுங்கள் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கை! இதே பெயரில் மாத்திரை உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். தாத்தாவின் படபடப்புக்கோ அத்தையின் ஒற்றைத் தலைவலிக்கோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். "அதே மாத்திரைதானே, பொடி பண்ணிக் கொடுத்துடலாமே" என்று தயவுசெய்து இறங்கிவிடாதீர்கள். குழந்தையின் இதயத் துடிப்பு குறையலாம், மூச்சிரைப்பு வரலாம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். டாக்டர் இதயத்தைப் பரிசோதித்து, எடை பார்த்து, அளவு சொன்ன பிறகே கொடுக்க வேண்டும். அதுவும் பால் குடித்த வயிற்றில்தான். குழந்தை வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அந்த வேளை மருந்தை நிறுத்தி, டாக்டரைக் கேட்க வேண்டும்.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல

ரத்தக் குழாய் சம்பந்தப்பட்ட வீக்கங்களில் இன்னொரு வகை உண்டு. இது கட்டி அல்ல. ரத்தக் குழாயோ நிணநீர்க் குழாயோ கருவிலேயே தவறாக அமைந்துவிட்ட கோளாறு. பிறக்கும்போதே இருக்கும், ஆனால் வெளியே தெரியக் கொஞ்ச காலம் ஆகலாம். குழந்தையோடு சேர்ந்து வளரும். தானாக மறையாது. நீல நிறமாக இருந்து, குழந்தை முக்கி அழும்போது புடைக்கிறதா? சிரையில் கோளாறு இருக்கலாம். நீர்க்கட்டி போல இருந்து, ஜலதோஷம், காய்ச்சல் வரும்போது பெரிதாகிறதா? நிணநீர்க் குழாய்க் கோளாறாக இருக்கலாம்.

இவையும் புற்றுநோய் அல்ல. இவற்றுக்கும் முதல் வைத்தியம் கத்தி என்று சட்டமில்லை. ஸ்கேன் பார்த்தபடியே ஊசி மூலம் மருந்து செலுத்திச் சுருங்க வைக்கும் முறை இருக்கிறது. ஆக, முதலில் இது எந்த வகை என்று தெரிய வேண்டும். அப்புறம்தான் வைத்தியம்.

மறக்க முடியாத பெண்

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? பல வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் வந்த ஒரு பெண்ணால்.

அப்போது அவளுக்குப் பதினாலு வயது. ஒரு பக்க மார்பகம் வயதுக்கேற்ப வளர்ந்திருந்தது. மறுபக்கம் ஒரு தழும்பு மட்டும்தான். விசாரித்தேன். ஒன்பது வயதில் அந்தப் பக்கக் காம்புக்கு அடியில் காசு மாதிரி ஒரு கட்டி தென்பட்டதாம். தொட்டால் வலித்ததாம். வேறு ஏதோ ஓர் ஊரில், "சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்" என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

அது கட்டியே அல்ல! மலரத் தொடங்கிய அவளது மார்பக மொட்டு. பெண் குழந்தைகளுக்கு எட்டு, ஒன்பது, பத்து வயதில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் தெரியும். கெட்டியாக இருக்கும். கொஞ்சம் வலிக்கும். சில மாதங்களில் மறுபக்கமும் வந்து சேர்ந்துகொள்ளும். இது இயற்கை.

"நல்லதுன்னு நெனைச்சுத்தானே மேடம் செஞ்சோம்..." என்று அந்தத் தாய் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முழு வளர்ச்சிக்குப் பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் உருவத்தைச் சரி செய்யலாம். ஆனால் பால் சுரக்கிற மார்பகத்தை எந்த சர்ஜனாலும் உண்டாக்கித் தர முடியாது.

இதே அவசரத்தின் இன்னொரு முகம், நம் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், தாயின் ஹார்மோன் காரணமாக மார்பு லேசாக வீங்கி, ஒரு சொட்டுப் பால்கூட வரலாம். சில வாரங்களில் தானே வடிந்துவிடும். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, "பால் கட்டியிருக்கு, பிதுக்கி விட்டாத்தான் நல்லது" என்று பெரியவர்கள் அழுத்திவிடுகிறார்கள். கிருமி புகுந்து சீழ் பிடித்து, அந்தப் பிஞ்சு மொட்டே சிதைந்துபோகலாம். குளிப்பாட்டும் அம்மாவிடம் மரியாதையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: "பிதுக்காதீங்க!"

வெட்கம் வேண்டாமே!

இன்னொரு விஷயத்தையும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். மூக்கில் கட்டி வந்தால் நாலு பேரிடம் கேட்கிறோம். பெண் குழந்தையின் மார்பில் வந்தால் மூடி மறைக்கிறோம். பெற்ற தகப்பனிடம்கூடச் சொல்லாத தாய்மார்கள் இருக்கிறார்கள். "வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்ற பயம். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக் கல்யாணக் கவலை! முதலில் மறைக்கிறோம். வளர்ந்த பிறகு பயந்துபோய், யாருக்கும் தெரியாமல் அவசர ஆபரேஷனுக்கு ஓடுகிறோம். காலதாமதமும் அவசரமும் ஒரே வெட்கத்தின் இரண்டு பிள்ளைகள்.

ஆகவே, உங்கள் குழந்தையின் மார்பில் சிவப்போ நீலமோ வீக்கமோ கண்டால், அன்றே செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து வாரா வாரம் எடுத்து வந்தால், வளர்கிறதா, நிற்கிறதா என்று டாக்டருக்குப் புரியும். போட்டோ டாக்டரின் கண்ணுக்கு மட்டும். சொந்தக்காரர் குரூப்பில் போடுவதற்கு அல்ல.

குழந்தை மருத்துவரிடமோ, குழந்தைகளுக்கான தோல் நிபுணரிடமோ, குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடமோ காட்டுங்கள். மேலே புண்ணானாலோ, அழுத்தியும் நிற்காமல் ரத்தம் வந்தாலோ, திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஒரு வயதுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே போனாலும், கல் போலக் கெட்டியாக இருந்தாலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். உடம்பில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் இப்படிச் சிவப்புக் கட்டிகள் இருந்தால், ஈரலையும் ஒரு ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.

யாராவது "வெட்டி எடுத்துடலாம்" என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன வகை? இப்போது எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எடுத்தால் மார்பக மொட்டுக்குச் சேதம் வராதா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், இன்னொரு நிபுணரின் அபிப்பிராயம் கேட்பது உங்கள் உரிமை.

கத்தியே கூடாது என்பதல்ல என் வாதம். மருந்துக்கு அடங்காமல் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் ஆபரேஷன் வேண்டியிருக்கலாம். கட்டி சுருங்கிய பிறகு மிஞ்சும் தொளதொளப்பைச் சரி செய்யவும் வேண்டியிருக்கலாம். அந்த இரண்டாவது வேலைக்கு, மார்பகம் வளர்ந்து முடியும் வரை காத்திருக்கலாமே!

சரி, அந்தப் பத்து வாரக் குழந்தை என்ன ஆனாள்? இதயத்தைப் பரிசோதித்துவிட்டு மருந்து ஆரம்பித்தோம். பாட்டியம்மா முதல் இரண்டு மாதம் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. கட்டி மங்க ஆரம்பித்த பிறகுதான் சிரித்தார். இப்போது குழந்தை ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்த இடத்தில் தோல் கொஞ்சம் சுருங்கி, வெளிர் சிவப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மார்பகம் எப்படி வளரும் என்பது இன்னும் சில வருஷங்களில் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று இப்போதே என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மொட்டு பத்திரமாக இருக்கிறது. மலர்வதற்கு அவளுக்கு ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த வாய்ப்பைப் பறித்துவிடாதீர்கள்!